சுவிட்சைக் கழற்றும் முன் பல்பைப் பாருங்கள்: வீட்டு விளக்குக்கு டிம்மர் போடுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படுக்கையறையில் ஒரே ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு. அப்பா இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிறார், அந்த வெளிச்சம் அவருக்குக் கண்ணைக் கூசுகிறது. ஜீரோ வாட் பல்பு போட்டுப் பார்த்ததில் நடக்க வழி தெரியவில்லை. சுவிட்சை எடுத்துவிட்டு அதே இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை வைக்கலாமா, அதை நானே செய்யலாமா, கடைக்காரர் ஃபேன் ரெகுலேட்டரையே மாட்டச் சொல்கிறாரே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நாளைக்கே அதை வாங்கி மாட்டிவிடப் போகிறீர்கள். வேண்டாம். இப்போது கடையில் கிடைக்கும் ஃபேன் ரெகுலேட்டர், 'டக் டக்' என்று ஐந்து படியாகத் திரும்புகிறதே, அதற்குள் இருப்பவை கெப்பாசிட்டர்கள். எழுபது எண்பது வாட் இழுக்கும் ஃபேனுக்குப் போகும் வோல்டேஜைத் தடுத்துக் குறைப்பதற்குக் கணக்குப் போட்டு வைத்தவை. உங்கள் 9 வாட் பல்பு இழுக்கும் கரன்ட் மிகச் சொற்பம். அந்தச் சொற்பக் கரன்ட்டுக்கு அந்தக் கெப்பாசிட்டர் ஒரு தடையே இல்லை. முதல் படியில் வைத்தாலும் பல்பு ஏறக்குறைய அதே வெளிச்சத்தில்தான் எரியும்.

கடைக்காரர் வேண்டுமென்றே தவறாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் வழவழவென்று சுற்றும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்தது. அதற்குள் இருந்ததும் டிம்மருக்குள் இருப்பதும் ஒரே சங்கதிதான், டிரையாக் என்ற சின்ன எலக்ட்ரானிக் சுவிட்ச். அப்போது வீட்டில் எரிந்ததும் குண்டு பல்பு. அந்த ரெகுலேட்டரில் குண்டு பல்பை மாட்டினால் அழகாக மங்கும். அந்தப் பழக்கம் பேச்சில் தங்கிவிட்டது. ரெகுலேட்டரும் மாறிவிட்டது, பல்பும் மாறிவிட்டது. இதைத் திருப்பிச் செய்வதும் தவறு: விளக்குக்கான டிம்மரை ஃபேனுக்குப் போட்டால் ஃபேன் உறுமும், மோட்டார் சூடாகும்.

இனி டிம்மர் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இது புரிந்துவிட்டால் எந்த பல்பு, எந்த டிம்மர் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு விநாடிக்கு 50 முழு அலை, அதாவது 100 அரை அலை. ஒவ்வோர் அரை அலைக்கும் 10 மில்லி விநாடி. டிம்மர் வோல்டேஜைக் குழாய்த் தண்ணீர் மாதிரி குறைப்பதில்லை. ஒவ்வோர் அரை அலையிலும் கொஞ்ச நேரம் கதவை மூடி வைத்திருந்து, பிறகு திறக்கிறது. திருகும் குமிழை, அதாவது நாபை, நடுவில் வைத்தால் முதல் 5 மில்லி விநாடி மூடியிருக்கும், மீதி 5 மில்லி விநாடி திறந்திருக்கும். இப்படி விநாடிக்கு 100 முறை. குண்டு பல்பின் இழை அதற்குள் ஆறிவிடாது, அதனால் நம் கண்ணுக்கு மங்கிய ஒரே சீரான வெளிச்சமாகத் தெரிகிறது.

பழைய காலத்துப் பெட்டி ரெகுலேட்டரில் ஒரு சுருள் கம்பி இருக்கும், தொட்டால் சுடும். அது மீதி மின்சாரத்தைச் சூடாக்கி வீணடித்துத்தான் வேகத்தைக் குறைத்தது. நாடகக் கொட்டகை விளக்குகளையும் முன்பு அப்படித்தான் மங்க வைத்தார்கள். சுவரில் சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே அடங்கும் அளவுக்கு டிம்மர் சுருங்கியது 1959 வாக்கில் நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா என்பவர் செய்த வேலையால். 1961-இல் லூட்ரான் என்று கம்பெனி தொடங்கி அவர் அதை விற்க ஆரம்பித்தார். அவர் மனதில் இருந்தது குண்டு பல்பு மட்டும்தான். இன்று நமக்கு வரும் தொல்லைகளில் பாதி அங்கிருந்து வருவதுதான்.

எல்.இ.டி. பல்பு இழை இல்லாத சாமான். அதன் கழுத்துக்குள் டிரைவர் என்று ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. வரும் வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே இருக்கும் எல்.இ.டி.க்கு ஒரே அளவு கரன்ட் கொடுப்பதுதான் அதன் வேலை. இரவு எட்டு மணிக்கு லோ வோல்டேஜ் வந்தாலும் எல்.இ.டி. பல்பு மங்காமல் எரிகிறதே, அந்த நல்ல குணம்தான் இங்கே இடைஞ்சல். டிம்மர் அலையை வெட்டி வெட்டி அனுப்புகிறது, டிரைவரோ அதைச் சரிக்கட்டப் போராடுகிறது. பாதி வரை வெளிச்சம் மாறவே மாறாது, அப்புறம் திடீரென்று சிமிட்ட ஆரம்பிக்கும், இன்னும் குறைத்தால் பொட்டென்று அணைந்துவிடும். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்குள் கரன்ட் பாய்ந்து அடிப்பதால் 'ங்ங்ங்' என்று சத்தம் வரும். பல்பும் சீக்கிரம் போய்விடலாம். டிம்மர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் கையில் பெரும்பாலும் நல்ல டிம்மர்தான் இருக்கும்.

ஆகவே, முதலில் வாங்க வேண்டியது பல்பு. அட்டைப் பெட்டியில் 'டிம்மபிள்' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால், ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் நாப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருப்பார்கள், அதுவும் ஆகாது என்பதுதான். தெருமுனைக் கடையில் டிம்மபிள் பல்பு அநேகமாக இருக்காது. பெரிய எலக்ட்ரிக்கல் கடையிலோ ஆன்லைனிலோ தேட வேண்டியிருக்கும், விலையும் கூடுதல். சி.எஃப்.எல்., சோக் வைத்த டியூப் லைட், சாதாரண எல்.இ.டி. பேட்டன் டியூப் எதுவும் டிம்மருக்குச் சேராது. போனில் இயக்கும் வைஃபை பல்பையும் டிம்மரில் மாட்டக் கூடாது. அது தன்னைத்தானே மங்க வைத்துக்கொள்ளும், அதற்கு முழுக் கரன்ட் எப்போதும் வேண்டும்.

பல்பு கிடைத்துவிட்டது என்றால் அடுத்து டிம்மர். அதன் மேல் 400 வாட், 650 வாட், 1000 வாட் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து, 'பெரிசு வாங்கினால் நல்லது' என்று 1000 வாட்டை வாங்கி வந்துவிடாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கம்: குறைந்தபட்ச லோடு, அதாவது அதில் குறைந்தது எத்தனை வாட் பல்பு மாட்ட வேண்டும் என்று. டிரையாக் திறந்தபடி நிற்க ஒரு குறைந்தபட்சக் கரன்ட் அதன் வழியே ஓட வேண்டும். பழைய வகை டிம்மர் பலவற்றுக்கு 40 வாட், 60 வாட் என்று அந்தக் கீழ் எல்லை இருக்கும். அதில் உங்கள் ஒற்றை 9 வாட் பல்பை மாட்டினால், பல்பு டிம்மபிளாகவே இருந்தாலும் சிமிட்டும். எல்.இ.டி.க்கென்றே சொல்லி விற்கும் டிம்மராக, கீழ் எல்லை 5 வாட்டுக்குள் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மேல் எல்லையிலும் ஒரு கணக்கு உண்டு. குண்டு பல்புக்கு 400 வாட் தாங்கும் டிம்மர் எல்.இ.டி.க்கு 400 வாட் தாங்காது, அந்தப் பாய்ச்சல் கரன்ட்தான் காரணம். பெட்டியில் எல்.இ.டி.க்குத் தனியாக எண் போடவில்லை என்றால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 வாட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எல்.இ.டி.க்கென்று வரும் நல்ல டிம்மர்களில் இன்னொரு வகை உண்டு, டிரெய்லிங் எட்ஜ் என்பார்கள். மற்றது அலையின் முன்பாதியை வெட்டும் என்றால், இது பின்பாதியை வெட்டும். அலை பூஜ்யத்தில் இருந்து மெல்ல ஏறும்போதே கதவு திறந்திருப்பதால் அந்த அடி விழாது, சத்தமும் குறைவு. பல்புப் பெட்டி இதைத்தான் சொல்கிறது என்றால், காசு பார்க்காமல் இதையே வாங்குங்கள்.

சரி, இப்போது வேலை. இதை நானே செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் வயரிங் வேலை செய்யக் கூடாது என்று சொன்ன 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே, இன்ஸ்டாலேஷனின் தன்மையை மாற்றாமல் பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு விலக்கு வைத்திருந்தன. ஆனால் சட்டத்தைவிட முக்கியம், போர்டுக்குள் கை வைக்கும்போது அங்கே கரன்ட் இல்லை என்பதை நீங்கள் உறுதியாகத் தெரிந்திருப்பது. நான் இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எனக்குப் பலமாகக் கரன்ட் அடித்தது மெயினை அணைத்த பிறகுதான்.

திருச்சியில் ஒரு மாடி வீடு. மெயினை இறக்கினேன், ஹாலில் டிவி அணைந்ததைப் பார்த்தேன், போர்டைக் கழற்றினேன். முழங்கை வரை உதறியது. அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. இ.பி. லைன் போனதும் அது தன் கடமையைச் செய்து பேட்டரியில் இருந்து விளக்கு, ஃபேன் லைனுக்குக் கரன்ட் கொடுத்துவிட்டது. நீங்கள் கை வைக்கப் போவதும் அதே விளக்கு லைன்தான். தமிழ்நாட்டில் நிறைய வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இ.பி. மெயினையும் அணைக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரின் முன்பக்க பட்டனை மட்டும் அணைத்தால் போதாது, இ.பி. கரன்ட் அதன் வழியாக நேரே கடந்து போர்டுக்கு வந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்திருக்க வேண்டும். மெயின் பக்கத்தில் யாரும் போய் "ஏன் கரன்ட் இல்லை" என்று தூக்கிவிடாதபடி வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

பிறகும் நம்பாதீர்கள், சோதியுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதால் மட்டும் கரன்ட் இல்லை என்று ஆகாது. உள்ளே இருக்கும் நியான் போயிருக்கலாம், நீங்கள் ரப்பர் செருப்புப் போட்டுக் கட்டில் மேல் நின்றிருக்கலாம். அணைப்பதற்கு முன் அதே போர்டின் பிளக்கில் டெஸ்டரை வைத்து எரிகிறதா என்று பாருங்கள், அணைத்த பிறகு சுவிட்சின் இரண்டு முனையிலும் பாருங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு சோதனையும் உண்டு, அதை மட்டும் கரன்ட் இருக்கும்போது செய்ய வேண்டும். கை பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். சுவிட்சைப் போட்டு, பல்பு எரியும்போது, சுவிட்சின் இரண்டு ஸ்குரூவிலும் டெஸ்டரை வையுங்கள். இரண்டிலும் எரிந்தால், ஃபேஸ் (கரன்ட் வரும் ஒயர்) சுவிட்ச் வழியாகப் போகிறது, சரியான வயரிங். இரண்டிலும் எரியவில்லை என்றால் சுவிட்சுக்கு நியூட்ரலை (கரன்ட் திரும்பிப் போகும் ஒயரை) கொண்டுவந்திருக்கிறார்கள். சுவிட்சை அணைத்திருந்தாலும் ஹோல்டரில் கரன்ட் நிற்கும் வீடு அது. சில வீடுகளில் அணைத்த எல்.இ.டி. பல்பு இரவில் மின்மினி மாதிரி லேசாக எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைத் திருத்திய பிறகுதான் டிம்மர்.

இனி நான் வழக்கமாகச் சொல்லும் யோசனை. சுவிட்சை எடுக்கவே எடுக்காதீர்கள். ஃபேனுக்கு என்ன செய்திருக்கிறோம்? சுவிட்ச் தனி, ரெகுலேட்டர் தனி. விளக்குக்கும் அப்படியே செய்யுங்கள். மாடுலர் போர்டு என்றால் எங்காவது ஒரு காலி இடத்தில் டம்மி பிளேட் போட்டு மூடியிருப்பார்கள், அதைத் தள்ளிவிட்டால் டிம்மர் உட்காரும். சில டிம்மர் ஒரு மாடுல் அகலம், சில இரண்டு மாடுல், வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். உங்கள் போர்டு எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றின் டிம்மர் இன்னொன்றின் பிளேட்டில் உட்காராது.

இப்படிச் செய்வதில் பெரிய லாபம், ஒரே ஒரு ஒயரைத்தான் தொடுகிறீர்கள். சுவிட்சில் இருந்து பல்புக்குப் போகும் ஒயரை மட்டும் கழற்றி, டிம்மரின் 'லோடு' முனையில் கொடுங்கள். சுவிட்சின் அந்தக் காலியான முனையில் இருந்து டிம்மரின் 'லைன்' முனைக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லி மீட்டர் செம்பு ஒயரில் ஒரு சின்னத் துண்டு. அவ்வளவுதான். சாதாரண டிம்மருக்கு நியூட்ரல் தேவையில்லை. வைஃபை டிம்மருக்குத்தான் தேவைப்படும், பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கும் போர்டில் அது கிடைக்கும். நாபைக் குறைந்த நிலையில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாலும், காலையில் சுவிட்சை அணைத்தால் முழுதாக அணையும். டிம்மரை மட்டும் குறைத்து வைத்திருக்கும்போது ஹோல்டரில் கரன்ட் இருக்கும். பல்பு மாற்ற வேண்டுமென்றால் சுவிட்சை அணைக்காமல் கை வைக்காதீர்கள்.

காலி இடமே இல்லை, சுவிட்சை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். நம் ஊர் போர்டுகளில் ஃபேஸ் ஒயர் ஒரு சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து அடுத்த சுவிட்சுக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று லூப் அடித்துக்கொண்டே போகும். நீங்கள் கழற்றும் சுவிட்சின் ஒரு முனையில் இரண்டு சிவப்பு ஒயர் சேர்ந்து இருந்தால் அதுதான் லூப். அதைப் பிரித்து ஒன்றை மட்டும் டிம்மரில் கொடுத்தால் அந்த வரிசையில் பின்னால் இருக்கும் ஃபேனும் பிளக்கும் செத்துப்போகும். இரண்டையும் சேர்த்தே 'லைன்' முனைக்குள் விட வேண்டும். முனை சிறியதாக இருந்து இரண்டும் நுழையவில்லை என்றால், கம்பி இழைகளை வெட்டி மெலிதாக்கி நுழைக்காதீர்கள். அந்த இடம் பின்னால் சூடாகிக் கருகும். இரண்டையும் ஒரு கனெக்டரில் சேர்த்து, அதிலிருந்து ஒற்றை ஒயராக டிம்மருக்குக் கொடுங்கள். கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கிய பிறகு ஒவ்வோர் ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிட்டால் இப்போதே வரட்டும்.

ஒயரின் நிறத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பதுதான் முறை. ஆனால் கையில் மிச்சமிருந்த சுருளை இழுத்துவிட்டுப் போன வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று என்று ஒரே விளக்குக்கு டூ-வே சுவிட்ச் இருந்தால், அதில் ஒன்றைக் கழற்றிச் சாதாரண டிம்மரைப் போட முடியாது. அங்கே ஒவ்வொரு சுவிட்சிலும் மூன்று ஒயர் இருக்கும், டிம்மரில் இரண்டு முனைதான். இரண்டு சுவிட்சையும் அப்படியே விட்டு, பல்புக்குப் போகும் ஒயர் எந்த சுவிட்சின் நடு முனையில் இருந்து கிளம்புகிறதோ, அதற்கும் பல்புக்கும் இடையில் டிம்மரை வையுங்கள். இரண்டு பக்கமும் அணைக்கலாம், ஏற்றலாம். வெளிச்ச அளவு மட்டும் ஒரு இடத்தில் இருந்து. உங்கள் அப்பாவின் கட்டில் பக்கம் அந்த முனை இருந்தால் மிகவும் வசதி.

உங்களுடையது அப்படி இல்லை, இருந்தாலும் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: ஃபால்ஸ் சீலிங்கில் இருக்கும் டவுன்லைட்டுகளுக்கும் 12 வோல்ட், 24 வோல்ட் ஸ்ட்ரிப் லைட்டுக்கும் டிரைவர் தனியாக மேலே கிடக்கும். அந்த டிரைவர் டிம்மபிளாக இல்லாமல் சுவரில் டிம்மர் வைத்துப் பயனில்லை.

மாட்டி முடித்ததும் முதலில் முழு வெளிச்சத்தில் போட்டுப் பிறகு மெல்லக் குறையுங்கள். கடைசிப் படியில் பல்பு சிமிட்டினால், நல்ல டிம்மர்களில் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும், குறைந்த அளவை அதில் கொஞ்சம் உயர்த்தலாம். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு அதைத் திருகுங்கள். அரை மணி நேரம் எரியவிட்டு பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை. ஒரு தடவை இன்வெர்ட்டரிலும் ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அலையின் வடிவமே வேறு, டிம்மர் உறுமலாம், பல்பு துடிக்கலாம். அப்படியானால் கரன்ட் இல்லாத நேரத்தில் நாபை முழு வெளிச்சத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

நாபை எங்கே வைப்பது என்று அப்பாவையே இரவில் எழுப்பிக் கேளுங்கள், பகலில் வைத்த அளவு இரவில் ஒத்துவராது. உண்மையான வெளிச்சம் கால்வாசியாகக் குறைந்தால்தான் நம் கண்ணுக்குப் பாதியாகக் குறைந்த மாதிரி தெரியும். அதனால் நீங்கள் நினைப்பதைவிட இன்னும் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு வேலை வேண்டாம், போர்டைத் தொடப் பயமாக இருக்கிறது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், அதற்கும் வழி இருக்கிறது. சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் வெளிச்சம் ஒரு படி குறையும் எல்.இ.டி. பல்பு கிடைக்கிறது. முழுசு, பாதி, மிகக் குறைவு என்று மூன்று படி. டிம்மரே வேண்டாம், இப்போது இருக்கும் ஹோல்டரில் மாட்டினால் போதும். இருட்டில் எழுந்து சுவிட்சை இரண்டு மூன்று முறை தட்ட அப்பாவுக்குப் பொறுமை இருக்குமா என்பதை மட்டும் யோசியுங்கள். இருக்காது என்றால், மேலே சொன்னபடி டிம்மபிள் பல்பும் எல்.இ.டி. டிம்மரும் வாங்கி வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அரை மணி நேர வேலைதான். அவர் வந்ததும் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.